சிறுநீர்க் கோளாறுகள்: வெட்கத்தால் மறைக்க வேண்டிய நோயல்ல

இஷா தொழுகை முடிந்து பள்ளி காலியாகும்வரை காத்திருந்து, பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்கப்படும் கேள்விகள் சில உண்டு. "ஹஜ்ரத், ஒளு செய்து எழுந்தால் ஒரு சொட்டு இறங்கிவிடுகிறது. என் தொழுகை கூடுமா?" போடிநாயக்கனூர் பக்கத்தில் மார்க்கப் பணி செய்யும் நம் போன்றவர்கள் இந்தக் கேள்வியை அடிக்கடி சந்திக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்படிக் கேட்ட ஒரு பெரியவருக்கு, தொடர் கசிவு உள்ளவருக்கான ஒளுச் சட்டத்தை விளக்கி அனுப்பி வைத்தோம். சட்டம் சொன்னதில் தவறில்லை. ஆனால் எத்தனை நாளாக இப்படி இருக்கிறது, இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள், நீர் முழுதாகப் போகிறதா என்று ஒரு வார்த்தை நாம் கேட்கவில்லை. அடுத்த மாதமே அவருக்குச் சிறுநீர் அடியோடு அடைத்துக்கொண்டது. அடிவயிறு பானைபோல் வீங்கி, மகன்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்று டியூப் போட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. புராஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை அடைத்திருந்தது. சிறுநீர்ப்பையில் தேங்கி நிரம்பியது வழிந்ததுதான் அந்தச் "சொட்டு". சிறுநீரகமும் பாதிக்கப்படத் தொடங்கியிருந்தது.

அன்று நாம் கற்ற பாடம் இதுதான்: சுத்தம் பற்றிய கேள்வியாக நம்மிடம் வருவது, பல நேரம் உடம்பைப் பற்றிய கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய முதல் ஆள் மருத்துவர். நாம் மருத்துவரல்ல. மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்ததை, குடும்பத்தில் எல்லோரும் படிக்கும்படி இங்கே தொகுத்திருக்கிறோம். இது சிகிச்சைக்கு மாற்றல்ல. எப்போது போக வேண்டும், போனால் என்ன செய்வார்கள் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வதற்காக மட்டும்.

மலைக்கும் சமவெளிக்கும் நடுவே

நம் ஊர் மக்கள் பலரின் பொழுது மலையில் விடிகிறது. அதிகாலையில் போடியிலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் ஜீப்புகள் போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஏறுகின்றன. கீழே வெயில் கொளுத்தும் சமவெளி, மேலே குளிரும் ஈரமுமான ஏலக்காட்டு நிழல். கீழே வியர்வையாக நீர் போய்விடுகிறது. மேலே குளிரில் தாகமே தெரிவதில்லை. இரண்டு இடத்திலும் விளைவு ஒன்றுதான்: உடம்புக்கு வேண்டிய தண்ணீர் உள்ளே போவதில்லை.

காய் எடுக்கப் போகும் பெண்களின் நிலை இன்னும் சிரமம். மறைவான கழிப்பிடம் இல்லாத தோட்டங்களில், "தண்ணீர் குடித்தால்தானே ஒதுங்க வேண்டும்" என்று காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். வந்ததையும் மாலை வீடு திரும்பும்வரை அடக்கி வைக்கிறார்கள். நீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகிக் கல் உருவாக இடமாகிறது. அடக்கி வைத்தால் கிருமி பெருக நேரம் கிடைக்கிறது. தோட்டத்தில் குடிநீரும், ஆண் பெண் இருபாலருக்கும் தனித்தனிக் கழிப்பிடமும் இருக்க வேண்டும் என்பது 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொட்டே சொல்லப்பட்டு வருகிறது. தோட்டம் வைத்திருக்கும் நம் சகோதரர்கள் இதைச் சட்டத்துக்காக மட்டுமல்ல, அமானிதமாகவும் கருத வேண்டும்.

மருத்துவர் எப்படிக் கண்டறிகிறார்?

பாதி நோய் கேள்வியிலேயே தெரிந்துவிடும். எரிச்சல் உண்டா, அடிக்கடி வருகிறதா, இரவில் எத்தனை முறை, தாரை வேகமாக வருகிறதா சொட்டுகிறதா, ரத்தம் கலந்ததா, காய்ச்சல், இடுப்பு வலி உண்டா, சர்க்கரை உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார். வெட்கப்பட்டு ஒன்றை விட்டால் வைத்தியமும் திசை மாறும்.

பிறகு பரிசோதனைகள். முதலாவது சிறுநீர்ப் பரிசோதனை. முதலில் வருவதைக் கழித்துவிட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான டப்பாவில் பிடிக்க வேண்டும். பெண்கள் முன்னதாகத் தண்ணீரால் சுத்தம் செய்துகொள்வது அவசியம். பிடித்ததை நேரம் கடத்தாமல் லேபில் கொடுக்க வேண்டும். அடுத்து கல்ச்சர் பரிசோதனை. எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்பதை இது காட்டும். கிருமி வளர வேண்டும் என்பதால் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகலாம். மருந்து தொடங்குவதற்கு முன்பே இதற்கு மாதிரி கொடுப்பது நல்லது.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதை ரத்தத்தில் கிரியாட்டினின் அளவு சொல்லும். வயிற்று ஸ்கேன் கல், வீக்கம், புராஸ்டேட்டின் அளவு ஆகியவற்றையும், சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு தேங்கி நிற்கிறது என்பதையும் காட்டும். கல்லைத் துல்லியமாகக் காண சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். ரத்தம் போனால் நுண்ணிய குழாய்க் கருவியை உள்ளே செலுத்திச் சிறுநீர்ப்பையை நேரில் பார்ப்பார்கள்.

நீர்க்கடுப்பும் கிருமித் தொற்றும்

எரிச்சல், அடிக்கடி அவசரம், போனால் கொஞ்சமே வருதல், அடிவயிற்று வலி, கலங்கலான அல்லது நாற்றமுள்ள சிறுநீர். இவை சிறுநீர்ப்பைத் தொற்றின் அடையாளங்கள். பெரும்பாலும் காரணம் நம் குடலில் வாழும் ஈ-கோலி என்ற கிருமி. பெண்களின் சிறுநீர் வழி ஏறக்குறைய 4 சென்டிமீட்டர்தான், ஆண்களுக்கு 20 சென்டிமீட்டர் அளவு. அதனால்தான் பெண்களுக்கு இது அதிகம் வருகிறது. இதில் ஒழுக்கக் குறைவு எதுவுமில்லை. புதிதாக மணமான பெண்ணுக்கு இது வந்தால் மாமியார் வீட்டில் வாய் திறக்கப் பயப்படுகிறாள். கணவர் அழைத்துப் போகட்டும், மாமியார் துணைக்குப் போகட்டும்.

சாதாரணத் தொற்று சில நாள் மருந்தில் தீரும். ஆனால் மெடிக்கலில் கேட்டு இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டு, எரிச்சல் நின்றதும் நிறுத்திவிடுவது நம்மிடம் உள்ள பெரிய தவறு. மீதிக் கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிவிடுகின்றன. அடுத்த முறை அதே மருந்து வேலை செய்யாது. மருத்துவர் சொன்ன நாட்கள் முழுவதும் சாப்பிட வேண்டும்.

சிலரை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு எரிச்சலே இல்லாமல் சிறுநீரில் கிருமி இருக்கக்கூடும். அதைக் கண்டுபிடித்து மருந்து கொடுக்காவிட்டால் சிறுநீரகம் வரை ஏறவும், குறைப்பிரசவத்துக்கும் வழியுண்டு. அதனால்தான் கர்ப்பகாலத்தில் சிறுநீர்ப் பரிசோதனை செய்கிறார்கள், தவற விடாதீர்கள். ஆண்களுக்குத் தொற்று வந்தால் பின்னணியில் கல்லோ அடைப்போ இருக்கிறதா என்று பார்ப்பார்கள். காரணம் தெரியாத காய்ச்சலோடு வரும் கைக்குழந்தைக்கும் சிறுநீரைச் சோதிக்க வேண்டும். சிறுநீரில் சீழ் அணுக்கள் தொடர்ந்து இருந்தும் சாதாரண கல்ச்சரில் கிருமி வளரவில்லை என்றால், காசநோய் உண்டா என்றும் தேடுவார்கள். காசநோய் நுரையீரலில் மட்டும் வருவதல்ல.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு குறிப்பு. டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகின்றன. அதனால் பிறப்புறுப்பில் பூஞ்சை அரிப்பு வரலாம். அப்படி வந்தால் மாத்திரையைத் தானாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே சொல்ல வேண்டும்.

சிறுநீரகக் கல்

கல் மனிதனுக்குப் புதிய நோயல்ல. நம் நாட்டில் சுசுருத மருத்துவ நூல் கல்லை அறுத்தெடுக்கும் முறையைச் சொல்கிறது. அபூபக்ர் அர்-ராஸீ சிறுநீரகக் கல், பைக் கல் பற்றித் தனி நூலே எழுதினார். ஸ்பெயினின் குர்துபாவில் வாழ்ந்த அஸ்-ஸஹ்ராவீ, பையில் உள்ள கல்லை எடுக்கும் கருவிகளைப் பற்றி எழுதி வைத்தார். 1980-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரில், உடம்பைக் கிழிக்காமல் வெளியிலிருந்து அதிர்வலை செலுத்திக் கல்லை உடைக்கும் முறை முதன்முதலாக மனிதரிடம் பயன்படுத்தப்பட்டது.

கல் நகர்ந்து குழாயில் சிக்கும்போது வரும் வலி, முதுகின் பக்கவாட்டில் தொடங்கி அடிவயிறு, தொடை இடுக்கு வரை இறங்கும். எந்தப் பக்கம் படுத்தாலும் தாங்காது, வாந்தி வரும். வலி குறைந்தால் கல் போய்விட்டது என்று முடிவு கட்டக் கூடாது. அடைத்துக்கொண்டே இருந்து, சத்தமில்லாமல் சிறுநீரகத்தைக் கெடுக்கும் கல்லும் உண்டு. ஸ்கேன் எடுத்து உறுதி செய்யுங்கள்.

5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கற்கள் பெரும்பாலும் தானாகவே வெளியேறும். வலி மருந்தும், தேவைப்பட்டால் குழாயைத் தளர்த்தும் மாத்திரையும் தருவார்கள். அதைவிடப் பெரியவற்றுக்கு மூன்று வழிகள் உள்ளன. அதிர்வலையால் உடைப்பது ஒன்று. சிறுநீர் வழியாகவே நுண்கருவி செலுத்தி லேசரால் பொடியாக்குவது இன்னொன்று. சிறுநீரகத்தில் உள்ள 2 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கல்லுக்கு முதுகில் சிறு துளையிட்டு எடுப்பதே பெரும்பாலும் ஏற்றது. யூரிக் அமிலக் கல்லை மட்டும் மருந்தால் கரைக்க முடியும். நம்மிடம் அதிகம் காணப்படும் கால்சியம் ஆக்ஸலேட் கல்லைக் கரைக்கும் மருந்து இல்லை.

சிகிச்சைக்குப் பின் சிலருக்கு "டி.ஜே. ஸ்டென்ட்" என்ற மெல்லிய குழாயை உள்ளே வைத்து அனுப்புவார்கள். சொன்ன தேதியில் அதை எடுத்தே ஆக வேண்டும். வலி போய்விட்டதென்று மலைக்கோ வளைகுடாவுக்கோ வேலைக்குப் போய் மறந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். மாதக்கணக்கில் உள்ளே கிடந்தால் அந்தக் குழாயின் மேலேயே கல் படிந்து, அதை எடுப்பது பெரிய ஆபரேஷன் ஆகிவிடும். விடுப்பில் வந்து கல்லுக்கு வைத்தியம் செய்துகொள்பவர்கள், ஸ்டென்ட் எடுக்கும் தேதியைக் கேட்டுக்கொண்டு பயணச்சீட்டு எடுங்கள்.

தடுப்பது எளிது. ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும். சிறுநீர் வெளிர் நிறமாக இருந்தால் போதிய தண்ணீர் குடிக்கிறோம் என்று பொருள். இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். உப்பு, ஊறுகாய், அப்பளம், கருவாடு குறையட்டும், இறைச்சியும் அளவோடு இருக்கட்டும். எலுமிச்சைச் சாறு நல்லது, அதில் உப்பை அள்ளிப் போடாமல் குடிக்க வேண்டும்.

இனிச் சில தவறான நம்பிக்கைகள். கல்லுக்குப் பயந்து பால், மோரை நிறுத்தத் தேவையில்லை. உணவில் உள்ள கால்சியம் குடலிலேயே ஆக்ஸலேட்டைப் பிடித்து வெளியே அனுப்பிவிடும். தக்காளி விதை போய்க் கல்லாவதில்லை. வாழைத்தண்டு சாறு குடிப்பதில் குற்றமில்லை, ஆனால் அதை நம்பி அடைத்த கல்லோடு மாதக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. "பீர் குடித்தால் கல் கரையும்" என்று முஸ்லிம் இளைஞர்களிடமும் சொல்லித் திரிகிறார்கள். அது கல்லைக் கரைப்பதில்லை. ஹராமான ஒன்றை மருந்தின் பெயரால் வீட்டுக்குள் விடாதீர்கள்.

ஐம்பதைத் தாண்டிய ஆண்கள்: புராஸ்டேட்

சிறுநீர்ப்பையின் கழுத்தைச் சுற்றி இருக்கும் இந்தச் சுரப்பி வயதாக ஆகப் பெருக்கிறது. இது புற்றுநோயல்ல. தொடங்கத் தாமதம், மெல்லிய தாரை, விட்டு விட்டு வருதல், முழுதாகப் போகாத உணர்வு, இரவில் பலமுறை எழுதல் ஆகியவை இதன் அறிகுறிகள். தஹஜ்ஜுதுக்கு எழுகிறார் என்று வீட்டார் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அத்தா எழுவது எதற்கென்று பிள்ளைகள் கேட்க வேண்டும்.

மருத்துவர் ஏழு கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலைக் கேட்டு மதிப்பெண் போடுவார். மொத்தம் 35. அதில் 7 வரை லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20-க்கு மேல் கடுமை. ஆசனவாய் வழியாக விரலால் சுரப்பியைத் தொட்டுப் பார்ப்பார். அரை நிமிட வேலைதான், அதற்குக் கூச்சப்பட்டு மறுக்கக் கூடாது. ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற அளவும் பார்க்கப்படும். அது உயர்ந்திருந்தால் உடனே புற்றுநோய் என்று பொருளல்ல. தொற்று வந்தாலும், டியூப் போட்டிருந்தாலும் உயரும். மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்பதற்கான அறிகுறி, அவ்வளவுதான்.

லேசாக இருந்தால் மாலைக்குப் பின் தேநீர், காப்பியைக் குறைத்தாலே பலன் தெரியும். நடுத்தரமானால் மாத்திரை. டாம்சுலோசின் போன்றவை சில நாட்களிலேயே வழியைத் தளர்த்தும். எழும்போது தலை சுற்றலாம் என்பதால், படுக்கையிலிருந்து எழுவதையும் ஸுஜூதிலிருந்து நிமிர்வதையும் மெதுவாகச் செய்ய வேண்டும். சுரப்பியைச் சுருக்கும் இன்னொரு வகை மாத்திரை முழுப் பலன் தர ஆறு மாதமாவது ஆகும், பொறுமை வேண்டும். மருந்துக்கு அடங்காவிட்டால், வயிற்றைக் கிழிக்காமல் சிறுநீர் வழியாகவே கருவி செலுத்தி அடைப்பை நீக்குவார்கள்.

இந்தத் தொல்லை உள்ளவர்கள் சளி, மூக்கடைப்புக்கு மெடிக்கலில் கேட்டு மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. அவற்றில் சில சிறுநீரை அடியோடு அடைத்துவிடும். மலைக்குளிரில் சளி பிடித்து, மாத்திரை போட்டு, நள்ளிரவில் அடைத்துக்கொள்வது நடக்கக்கூடியது.

பெண்களின் கசிவு

இருமினால், தும்மினால், சுமை தூக்கினால் சில துளி கசிவது, பிள்ளை பெற்ற பெண்கள் பலருக்கும் உண்டு. இதைச் சொல்லாமல் தொழுகையையே விட்டுவிடும் தாய்மார்கள் இருக்கிறார்கள் என்பதை அறியும்போது மனம் வலிக்கிறது. இடுப்பின் அடித்தளத் தசைகள் தளர்வதே காரணம். சிறுநீரை நிறுத்துவதுபோல் அந்தத் தசைகளை இறுக்கி, சில விநாடி பிடித்து, விடும் பயிற்சியை 1948-ல் அர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மருத்துவர் முறைப்படுத்திச் சொன்னார். தினமும் செய்து வந்தால் மூன்று மாதத்தில் பலருக்கு நல்ல முன்னேற்றம் தெரியும். கர்ப்பப்பை இறக்கம் இருந்தால் மகப்பேறு மருத்துவர் வழி சொல்வார்.

ஆண்களில் சிலருக்குக் கழித்து முடித்து எழுந்த பின் ஓரிரு துளி வருவது நோயாக இல்லாமலும் இருக்கலாம். குழாயின் வளைவில் தங்கியதுதான் அது. விரைப்பைக்குப் பின்னாலிருந்து முன்னோக்கி விரலால் மெல்ல நீவிவிட்டால் வெளியேறிவிடும். ஃபிக்ஹ் நூல்கள் "இஸ்திப்ரா" என்று சொல்வதும் இப்படி மீதியை வெளியேற்றி முடிப்பதையே. ஆனால் தாரை மெலிந்தும், இரவில் எழுந்தும் இந்தச் சொட்டு இருந்தால் மருத்துவரிடம் போயாக வேண்டும்.

சிறுவர்களும் சுன்னத்தும்

இது நம் குடும்பங்கள் அவசியம் அறிய வேண்டிய பகுதி. சில ஆண் குழந்தைகளுக்குச் சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்பக்கத்தில் இருக்கும். "இயற்கையிலேயே சுன்னத் ஆன பிள்ளை" என்று மகிழ்ந்து சொல்லும் குழந்தைகளில் சிலருக்கு உண்மையில் இந்தக் குறைதான். இவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் சுன்னத் செய்யவே கூடாது. அந்த முன்தோல்தான் பின்னால் குறையைச் சரிசெய்யும் ஆபரேஷனுக்குப் பயன்படும். வெட்டிவிட்டால் சரிசெய்வது மிகச் சிக்கலாகும். அதேபோல் குடும்பத்தில் ரத்தம் உறையாத நோய் இருந்தால், சுன்னத்துக்கு முன் ரத்தப் பரிசோதனை கட்டாயம்.

பிறந்த ஆண் குழந்தைக்கு விரைகள் இரண்டும் பையில் இறங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஆறு மாதமாகியும் இறங்காவிட்டால் ஒன்றரை வயதுக்குள் சிகிச்சை முடிய வேண்டும். தாமதித்தால் பின்னாளில் குழந்தைப்பேறு பாதிக்கப்படலாம்.

வலியில்லாத ரத்தம்

சிறுநீரில் ரத்தம் ஒரே ஒரு முறை வந்து நின்றாலும் காட்டியாக வேண்டும். வலியோடு வந்தால் கல்லோ தொற்றோ இருக்கலாம். வலியே இல்லாமல் வருவதைத்தான் அதிகம் அஞ்ச வேண்டும். பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளம் அதுவாக இருக்கலாம். ஆரம்பத்திலேயே கண்டால் சிகிச்சைக்கு நல்ல வாய்ப்பு உண்டு. பீட்ரூட் சாப்பிட்டாலும், காசநோய் மாத்திரையான ரிஃபாம்பிசின் சாப்பிட்டாலும் சிறுநீர் சிவந்து தெரியும். எது எதனால் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

விடியும்வரை காத்திருக்கக் கூடாதவை

மலையில் இருப்பவர்களுக்கு "காலையில் ஜீப் வரும், போகலாம்" என்ற எண்ணம் இயல்பு. பின்வரும் நான்கில் அந்த எண்ணம் ஆபத்து.

1. சிறுநீர் அடியோடு அடைத்து, அடிவயிறு வீங்கி வலிப்பது. உடனே டியூப் போட்டு இறக்க வேண்டும்.

2. கல் வலியோடு குளிர் காய்ச்சல். அடைத்த சிறுநீரகத்தில் சீழ் கட்டினால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகும்.

3. பையன்களுக்குத் திடீரென விரையில் கடும் வலி. விரை முறுக்கிக்கொண்டால் 6 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தால்தான் அதைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். பன்னிரண்டு, பதினைந்து வயதுப் பையன் வெட்கத்தால் "வயிறு வலிக்கிறது" என்று மட்டும்தான் சொல்வான். அத்தா தனியே அழைத்துக் கேட்க வேண்டும்.

4. இடுப்பு வலி, நடுக்கத்தோடு காய்ச்சல், வாந்தி. குறிப்பாகக் கர்ப்பிணிக்கும் சர்க்கரை நோயாளிக்கும்.

108-ஐ அழையுங்கள். போடி அரசு மருத்துவமனையில் முதல் உதவி கிடைக்கும். அதற்கு மேல் தேவையானால், தேனியைத் தாண்டிக் கானாவிலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அடுத்து சிறுநீரியல் துறை உள்ள மதுரை அரசு இராசாசி மருத்துவமனை. செலவுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், அதைக் கையோடு கொண்டுபோய் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள்.

தொழுகையும் நோன்பும்

ஒளு முறிந்துவிடும் என்று சிறுநீரை அடக்கிக்கொண்டே அஸரிலிருந்து மஃரிப் வரை ஓட்டுபவர்கள் உண்டு. அடக்கிக்கொண்டு தொழுவது மக்ரூஹ் என்றே மார்க்க அறிஞர்கள் சொல்கிறார்கள். எழுந்து போய்விட்டு, புதிதாக ஒளு செய்து, மனநிம்மதியோடு தொழுவதுதான் சிறப்பு.

ஒரு தொழுகையின் நேரம் முழுவதிலும் ஒளு செய்து தொழும் அளவுக்குக்கூட இடைவெளி இல்லாமல் கசிந்தால், அவர் "மஃதூர்", அதாவது காரணமுள்ளவர். ஹனஃபி மத்ஹபில் அவர் ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் ஒரு ஒளு செய்து, அந்த நேரத்துக்குள் பர்ளு, சுன்னத், நஃபில் எல்லாம் தொழலாம். ஷாஃபிஈ மத்ஹபில் ஒவ்வொரு பர்ளுக்கும் தனி ஒளு. இடையில் கசிந்தாலும் தொழுகை கூடும். டியூபும் பையும் மாட்டியிருப்பவருக்கும் இதே சலுகை உண்டு. பையைக் காலி செய்துவிட்டுத் தொழட்டும். தொழுகையை விட இதில் எதுவும் காரணமாகாது.

வந்ததா இல்லையா என்ற வெறும் சந்தேகம் ஒளுவை முறிக்காது. அரை மணி நேரம் கழிப்பறையில் நின்று, மறுபடி மறுபடி கழுவும் நிலைக்கு வந்துவிட்டால், அது வஸ்வாஸ். அதற்கும் மருத்துவ உதவி உண்டு.

ரமலானில், கல் தொல்லை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டே நோன்பு வைக்க வேண்டும். வைப்பவர்கள் இஃப்தாரிலிருந்து ஸஹர் வரை தண்ணீரைப் பங்கிட்டுக் குடிக்கட்டும். ஸஹரில் மட்டும் இரண்டு சொம்பு குடிப்பது போதாது. நோயாளிக்கு அல்லாஹ் கொடுத்த சலுகையைப் பயன்படுத்துவது குறையல்ல.

மறைவிடத்தை மருத்துவரிடம் காட்டுவது கூடுமா என்றும் கேட்கிறார்கள். சிகிச்சைக்குத் தேவையான அளவு கூடும். பெண்களுக்குப் பெண் மருத்துவர் கிடைத்தால் அவரிடம் போகலாம். கிடைக்காவிட்டால், துணைக்கு ஒருவரோடு ஆண் மருத்துவரிடம் காட்டலாம். பெண் மருத்துவர் வரட்டும் என்று நோயை முற்றவிடும்படி மார்க்கம் சொல்லவில்லை.

வெட்கம் ஈமானின் ஒரு பகுதிதான். அலீ (ரலி) அவர்களுக்கும் தம் உடம்பைப் பற்றிய ஒரு கேள்வியைக் கேட்க வெட்கமாக இருந்தது. கேட்க வேண்டியவர் தம் மாமனாரான அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அல்லவா? அதற்காகக் கேள்வியை விழுங்கிவிடவில்லை. மிக்தாத் (ரலி) அவர்களை அனுப்பிக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். உங்களுக்கும் சொல்லக் கூச்சமாக இருந்தால், மனைவியிடமோ மகனிடமோ சொல்லி அனுப்புங்கள். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கூட மருத்துவரிடம் நீட்டலாம்.

இப்போது யாராவது இஷாவுக்குப் பின் அருகில் வந்து உட்கார்ந்தால், சட்டம் சொல்வதற்கு முன் நாம் கேட்பது ஒன்றுதான்: "டாக்டரிடம் காட்டினீர்களா?" இல்லை என்றால், மறுநாள் காலை யாரோடு போகிறார் என்பதையும் முடிவு செய்த பிறகே அவரை அனுப்புகிறோம். ஒவ்வொரு வீட்டிலும் இந்தக் கேள்வியை ஒருவர் கேட்கட்டும். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தையும், நிம்மதியான தொழுகையையும் தந்தருள்வானாக. ஆமீன்.